மோட்டார்க்காரர் கடைக்கு வராத மெயில்

எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால், மூடியைக் கழற்றும் முன்பே குனிந்து மோந்து பார்த்து, "உள்ளே மொத்தமும் போச்சு" என்றோ, "ஒரு சுத்துக் கம்பிதான் கருகியிருக்கு" என்றோ சொல்லிவிடுவார் மோட்டார்க்காரர். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பத்தாவது தப்பினால், அந்த மோட்டாரைச் செய்தவன் சரியில்லை என்பார்.

சும்மா வந்துவிடவில்லை அந்த மூக்கு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, எவனோ ஒருவன் பட்டறையில் கருகிய செப்புக் கம்பியை உருவிப் போடப் போனவர். விரலெல்லாம் வெட்டு, நகமெல்லாம் வார்னிஷ். அடி வாங்கித் தொழில் கற்றார். கற்ற பிறகு அடித்தவனுக்கு எதிர்வரிசையிலேயே கடை போட்டார். இன்றைக்குப் பெரிய சாலையில் சொந்தக் கட்டடம். கீழே கடை, மேலே வீடு. எந்த மாடியில் தண்ணீர் ஏறவில்லை என்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இதெல்லாம் யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. இந்த மாதிரி ஆள் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

சத்தமாகத்தான் பேசுவார். "என் கடையில ஒளிவு மறைவு கிடையாது" என்பது அவர் வாயில் ஓயாத வார்த்தை. எழுத்துக் கூட்டிப் படிப்பதே பாடு என்பதால், கடைக்கு வருகிற மெயிலையெல்லாம் பில் போடும் அவருடைய அக்கா மகள் சத்தமாகப் படிக்க வேண்டும். யார் இருந்தாலும் சரி, படிக்க வேண்டும். யாராவது திட்டி எழுதியிருந்தால் அதையும் படிக்க வேண்டும். இவர் அங்கிருந்தே பதில் திட்டுத் திட்டுவார், கடை சிரிக்கும். அதில் அவருக்கு ஒரு சுகம்.

குடும்பத்துக்கே அந்த ஒரே மெயில்தான். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதையும் அக்கா மகள் படிக்க, பக்கத்துக் கடை டயர்க்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏண்ணே, அண்ணிக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு நாங்க எதுக்குண்ணே தெரிஞ்சுக்கணும்?"

"தெரிஞ்சா உனக்கு என்னடா நஷ்டம்? திருட்டுச் சர்க்கரையா வச்சிருக்கா?"

இப்படிப்பட்டவர், மகன் விஷயத்திலும் ஒளிக்கவில்லை. கடை வேனை ஓட்டிக்கொண்டு போன மகன், சாயங்கால நெரிசலில் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிறுத்தாமல் வந்துவிட்டான். வந்தவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். சைக்கிள்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனார். உடைந்த முன்விளக்கைப் பார்த்தார் மோட்டார்க்காரர். ஒரு கேள்வி கேட்டார். மகன் தலையைக் குனிந்தான். சட்டைக் காலரைப் பிடித்துத் தெருவோடு நடத்திக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தார்.

"பெத்த மகனையே பிடிச்சுக் குடுத்தவன்யா நான். எனக்குக் கணக்கு சொல்ல வராதே" என்று அதற்குப் பிறகு பேரம் பேசுகிறவர்களிடம்கூடச் சொல்ல ஆரம்பித்தார். வீட்டம்மா அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் மாடிக்குப் போய்விடுவாள். மாதம் ஒரு தடவை பஸ் ஏறி ஜெயிலுக்குப் போய் மகனைப் பார்த்துவிட்டு வருவாள். இவர் ஒரு தடவையும் போனதில்லை.

மகன் உள்ளே போன கொஞ்ச நாளில் ஒரு மெயில் வந்தது. அக்கா மகள் பாதியில் நிறுத்தினாள்.

"மாமா, இது ஜெயில்லேர்ந்து."

"அதனால என்ன? படி."

"அப்புறம் படிக்கறேனே."

"படின்னா படி."

படித்தாள். மகன் தன்னைப் பார்க்க வரக்கூடியவர்களில் தந்தையின் பெயரையும் கொடுத்திருக்கிறான். ஒரு தடவை வந்துபோகச் சொல்கிறான். இனி அவன் அனுப்பும் சேதிகளும் இந்த மெயிலுக்கே வரும். பம்பு மோட்டாருக்காகக் காத்திருந்த ஒருவர், "பையன் ஆசையா கூப்பிடறான், போய்ட்டுத்தான் வாங்களேன்" என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது. மோட்டார்க்காரருக்கு முகம் பழுத்துவிட்டது.

அக்கா மகள் சாப்பிடப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். லாட்டரியில் பரிசு விழுந்தது என்று தினம் ஒருவன் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு பொத்தானைக் காட்டியிருந்தாள். மெயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். "இதை அமுக்கினா அந்த ஆள் இனிமே நம்ம வாசப்படி ஏற முடியாது மாமா" என்று சொல்லியிருந்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை. தன் விரலாலேயே அமுக்கினார். மகன் வாய் மூடியது என்று நினைத்தார். ஜெயிலிலிருந்து வருகிற எல்லாமே ஒரே முகவரியிலிருந்துதான் வரும், அந்த வாசலையே அடைத்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரியாது.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டம்மா ஜெயிலுக்குப் போய்வரும்போதெல்லாம் கேட்பாள்.

"உங்களுக்கு எழுதறேன் எழுதறேன்கறானே, ஒண்ணும் வரலையா?"

"வரலை."

அது பொய்யும் இல்லை. வரவில்லைதான்.

வருஷங்கள் போயின. வீட்டம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. படியிறங்க முடியாமல் போயிற்று, பிறகு கட்டிலை விட்டே இறங்க முடியாமல் போயிற்று. ஜெயிலுக்குப் போக ஆளில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்தி அவரிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"நான் போய்ட்டா… அவன்கிட்ட நீங்க போய்ச் சொல்லணும். வேற எவன் வாயிலேர்ந்தும் அவன் கேக்கக் கூடாது. நீங்க."

"சொல்றேன். இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"வாக்கு குடுங்க."

கொடுத்தார். வாழ்க்கையில் அவள் அவரிடம் கேட்டு வாங்கியது அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவள் போய், காரியமெல்லாம் முடிந்ததும் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேரே ஜெயில் வாசலுக்குப் போனார். கவுண்டர் மூடிக் கிடந்தது. வாசல் காவலர் கையை விரித்தார்.

"இப்பல்லாம் இங்க சீட்டு குடுக்கறதில்ல பெரியவரே. இன்டர்நெட்ல பதிஞ்சு, மெயில் வந்து, அதுல உறுதிப்படுத்தினாத்தான் நாள் குடுப்பாங்க."

"நான் யார் தெரியுமா? இந்த ஜெயில் தண்ணித் தொட்டி மோட்டாரே என் கைப்பட்டதுதான்."

"மோட்டாரைப் பார்க்கணும்னா உள்ள விட்டிருப்பேன்."

திரும்பி வந்தார். அக்கா மகளை உட்கார வைத்தார். அவள் விவரமெல்லாம் போட்டாள். உங்கள் முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கிறோம், அதைத் திறந்து உறுதிப்படுத்துங்கள் என்று திரையில் வந்தது.

"வந்துச்சா?"

"இல்ல மாமா."

"இப்ப?"

"நீங்க முறைச்சுப் பார்த்தா அது பயந்துக்கிட்டு ஓடி வந்துடாது. செத்த நேரம் பொறுங்க."

பொறுத்தார்கள். வரவில்லை. குப்பை மெயில்கள் போய்ச் சேரும் இடத்தில் தேடினாள். பல்லுக்கு மருந்து இருந்தது, முடிக்கு மருந்து இருந்தது, ஜெயில் இல்லை. முகவரியில் எழுத்து தப்பியிருக்குமோ என்று பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. எரிந்த மோட்டாரையெல்லாம் படம் பிடித்து வாடிக்கையாளர்கள் அனுப்பி அனுப்பி மெயில்பெட்டி நிரம்பி வழிந்தது. அதனால் இருக்கும் என்று பழைய படங்களை ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து அழித்தாள். இடம் கிடைத்தது. மெயில் கிடைக்கவில்லை.

"மறுபடி அனுப்பச் சொல்லும்மா."

"சொல்லியாச்சு மாமா."

"நீ தள்ளு, நான் அமுக்கறேன்."

அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அது மூடிக்கொண்டது. டயர்க்காரர் டீ கிளாசோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, மெயிலுக்கும் ஒரு மோட்டார் வைக்கணும் போல. கீழேயே நிக்குது, மேல ஏற மாட்டேங்குது."

"உன் டயர்ல காத்து நிக்குதான்னு பாரு போ."

மறுநாள் அக்கா மகள் தன் சொந்த மெயிலைப் போட்டுப் பார்த்தாள். உள்ளே இருப்பவர் எந்த முகவரியைக் கொடுத்தாரோ அதுதான் செல்லும் என்றது. மாற்ற வேண்டுமானால் அவரே எழுதிக் கேட்க வேண்டுமாம், அதற்கு வாரக்கணக்காகுமாம்.

"பேசாம போன் பண்ணி ஜெயில்காரங்களையே சொல்லச் சொல்லிடலாம் மாமா. அம்மா ஏன் வரலைன்னு அவன் தவிச்சுக்கிட்டு இருப்பான்."

"என் பொண்டாட்டி செத்ததை எவனோ ஒரு காவல்காரன் சொல்றதா? நான் செத்துட்டேனா? அவ என்கிட்ட வாக்கு வாங்கியிருக்கா." பிறகு மேஜையைத் தட்டினார். "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு. கோளாறு அவனுங்க பக்கம். லைன் எங்கயோ கட். நான் கேக்கற மாதிரி கேக்கறேன் பாரு."

அவள் மதியச் சாப்பாட்டுக்கு மாடிக்குப் போனதும் ஜெயிலின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் பேசினார். டயர்க்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எடுத்த பெண்மணி வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். பெயர், கடை, தொழில், பெற்ற மகனையே பிடித்துக் கொடுத்த கதை, வீட்டம்மா போனது, வாக்குக் கொடுத்தது, மெயில் வராதது, அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களின் லட்சணம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். நாங்களே அவர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"சொன்னீங்க, அவ்வளவுதான்! நான் வந்து சொல்லணும்."

"சரி சார், சரி. காரணம் மட்டும் பதிஞ்சுக்கறேன். தாயார் இறப்பு, தகப்பனார் நேரில் பார்க்கக் கேட்கிறார். அப்புறம் சார், எங்க பக்கத்துலேர்ந்து மெயில் போயிருக்கு. திரும்பியும் வரல. உங்க பக்கம்தான் எங்கயோ தடைபடுது. யாராவது எங்க முகவரியைத் தடுத்து வச்சிருக்காங்களான்னு பாருங்க. அதுக்குன்னு ஒரு பொத்தான் இருக்கும். தெரியாம கை பட்டிருக்கலாம்…"

ஸ்பீக்கரை அணைத்தார். அந்தக் கடையில் அவர் ஸ்பீக்கரை அணைத்து யாரும் பார்த்ததில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்", "ம்" என்று மட்டும் சொன்னார். வைத்தார்.

"என்னண்ணே சொல்றாங்க? ஏதோ பொத்தான்னாங்களே."

"அவங்க பக்கம் கோளாறாம். சரி பண்றாங்களாம்."

டயர்க்காரர் எழுந்து போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அமுக்கியதை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் நினைத்தார். ஆனால் அவருக்குத் தெரிந்த அந்தப் பொத்தான் மெயிலுக்குப் பக்கத்தில் இருப்பது. மெயில் இருந்தால் பொத்தான் இருக்கும். வராத மெயிலுக்குப் பொத்தான் எங்கே இருக்கும்? மேலே போனார், கீழே போனார், எதையெதையோ திறந்தார். யாரோ ஒரு வாடிக்கையாளரின் மெயில் காணாமல் போனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எத்தனை மோட்டாரைப் பிரித்துப் பூட்டிய கை! வாசலை அடைக்கத்தான் அவர் கற்றிருந்தார், திறக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அவள் படியிறங்கி வரும் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார்.

அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிஷமே தீர்கிற காரியம். சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அவள் சாப்பிடப் போகும்போதெல்லாம் உட்கார்ந்து தடவிப் பார்ப்பார், எழுந்துவிடுவார். சொன்னால், வீட்டம்மா மாதாமாதம் கேட்டபோது இந்த மனுஷன் என்ன பதில் சொன்னார் என்பது இவளுக்குத் தெரிந்துவிடும். வீட்டம்மாவை எரித்த பிறகும் அவள் முன்னால் போய் நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு. கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டினார். மெயிலைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். டயர்க்காரரும் கூடச் சேர்ந்து திட்டினார், அவருக்கு என்ன தெரியும், பாவம். இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

கடைசியில் அக்கா மகள்தான் பொறுக்க மாட்டாமல், மெயில் கொடுக்கும் கம்பெனிக்கே போன் போட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனாள். கடையில் இரண்டு பேர் மோட்டாருக்காக நின்றிருந்தார்கள். தடுத்து வைத்த முகவரிகள் என்று ஒன்று திறந்தது. பழக்கத்தில் சத்தமாகப் படித்தாள்.

"லாட்டரிக்காரன்… இன்னொரு லாட்டரிக்காரன்… பல்லு மருந்து…"

அதற்கு மேல் படிக்கவில்லை. போனை வைத்தாள். மெதுவாகத் திரும்பினாள்.

"மாமா. இது நான் செய்யல."

மோட்டார்க்காரர் கையிலிருந்த செப்புக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அது நேராகத்தான் இருந்தது.

"ஒரு நாள் கோவத்துல… அவனைத்தான் தடுத்தேன். ஜெயிலையே தடுக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தை கேட்டாங்களே மாமா. ஒவ்வொரு தடவையும் வந்து கேட்டாங்களே. என்கிட்டகூடக் கேட்டாங்க, நல்லாத் தேடிப் பாரும்மான்னு. நானும் தேடினேனே."

"மெதுவாப் பேசு. ஆள் நிக்கறாங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தடையை எடுத்தாள். மறுபடி அனுப்பச் சொன்னாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் டிங் என்று வந்து விழுந்தது. இவ்வளவுதான் வேலை.

"பழசெல்லாம்? அவன் எழுதினது?"

"வராது. அப்பப்ப அழிஞ்சுபோயிருக்கும். எத்தனைன்னுகூடத் தெரியாது." அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

நாள் கிடைத்தது. அவளும் கூடவே வந்தாள். ஜெயில் வாசலுக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போங்க. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிடுங்க" என்றாள்.

உள்ளே ஒரு நீள அறை. நடுவில் கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். மகன் வந்து உட்கார்ந்தான். காது மடலோரம் நரைத்திருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தான்.

"டேய்… அம்மா…"

"தெரியும்."

"தெரியுமா? யார் சொன்னா?"

"சாப்பாட்டு வரிசைல ஒரு காவல்காரர். அம்மா போனதுக்கு உங்கப்பா பார்க்க வர்றாராமே, என்னிக்கு வர்றார்னு சாதாரணமாக் கேட்டார். எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுட்டார். ஏதோ போன் வந்துதாமே, அதுல பதிஞ்சிருந்துச்சாம். தட்டைக் கீழ போட்டுட்டேன். எல்லாரும் பார்த்தாங்க."

மோட்டார்க்காரர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். அவர் போட்ட போன்தான்.

"ஏன் இத்தனை நாள் வரலை?"

"மெயில் வரலைடா."

மகன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

"நான் போட்ட மெயிலெல்லாம்? அம்மா வர்றது நின்னதுலேர்ந்து வாராவாரம் போட்டேன். அம்மாவுக்கு என்னன்னு ஒரு வரி எழுதுங்கன்னு கெஞ்சினேன். கடைல எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டு நீங்க சிரிச்சிருப்பீங்கன்னு நினைச்சுப்பேன். பதில் போடக்கூட எனக்கு யோக்யதை இல்லைன்னு விட்டுட்டார்னு நினைச்சேன். சொல்லுங்க, படிச்சீங்கதானே?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொல்லத்தான் அக்கா மகள் வெளியே காத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட வரலைடா. மெஷின் கோளாறு. இப்பத்தான் சரி பண்ணினோம்."

"நிஜமாவா?"

"உங்கம்மா மேல சத்தியமா."

மகன் முகம் ஒரு மாதிரி கலங்கி, சின்ன வயதில் இருந்த முகம் போல ஆனது. போனைக் கீழே விட்டுவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினான். மறுபடி போனை எடுத்தபோது குரல் தேய்ந்திருந்தது.

"உங்களை ரொம்பத் தப்பா நினைச்சுட்டேம்பா. என்னென்னவோ திட்டிட்டேன் மனசுக்குள்ள. மன்னிச்சிடுங்க."

"சரி விடு."

"அடுத்த தடவையும் வருவீங்களா?"

"வர்றேன். வராம?"

நேரம் முடிந்தது என்று காவலர் வந்து தோளைத் தொட்டார். மகன் கதவுவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

வெளியே வெயில். அக்கா மகள் எழுந்து வந்தாள்.

"திட்டினானா மாமா?"

"இல்ல. அவனுக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சு. எவனோ வாயை விட்டிருக்கான்."

"யார் தடுத்ததுன்னு சொன்னீங்களா?"

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டேன். நம்பிட்டான். அப்பான்னு கூப்பிட்டு அழுதான்மா. எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா அந்தச் சத்தம் கேட்டு?"

அவள் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தாள்.

"அவன் மனசு நல்லா இருக்கட்டும்னுதான் சொன்னேன். நீயும் எப்பவாவது பார்க்க வந்தா அதையே சொல்லிடு. என்ன?"

பஸ் வந்தது. கூட்டம் இல்லை. இருவர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி அவளைக் கூப்பிட்டார். அவள் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் வந்து சேரும்வரை நின்றுகொண்டே வந்தாள்.